கர்தமிலிக்கு மறுபடியும் மறுபடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸ் நாட்டின் தெற்கே கர்தமிலி என்று ஒரு கடலோரக் கிராமம் இருக்கிறது. பல வருடங்களாக, வெவ்வேறு மாதங்களில், அங்கே போய்த் தங்கி வருகிறேன். போகும்போதெல்லாம் நாட்குறிப்பு எழுதுவதும் வழக்கம். தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், அந்தக் குறிப்பேடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

அந்த ஊர் சரியாக எங்கே இருக்கிறது?

கிரீஸின் தென்பகுதி பெலொபொனீஸ் என்ற பெரிய தீபகற்பம். அதன் தெற்குக் கரையிலிருந்து மூன்று நிலமுனைகள் கடலுக்குள் நீள்கின்றன. நடுவில் இருப்பது மானி. மானியின் மேற்குக் கரையில், கலமாத்தா நகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கர்தமிலி. முன்னால் மெசீனியா வளைகுடா, பின்னால் தைகெதோஸ் மலை. அந்த மலையின் உச்சி 2,400 மீட்டர் உயரம். ஏப்ரலில் கடலில் கால் நனைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் மேலே பனி வெள்ளையாகத் தெரியும்.

உலகத்தில் இத்தனை இடங்கள் இருக்கும்போது ஏன் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள்?

முதல்முறை போகிறவருக்குக் கடலும் மலையும் கல் வீடுகளும் கண்ணில் படும். அழகான இடம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அழகு யாருடைய உழைப்பில் நிற்கிறது என்று ஒரு வாரத்தில் தெரியாது. மேசைக்கு வரும் எண்ணெய் எந்தத் தோப்பிலிருந்து வருகிறது, பூட்டிக் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரர்கள் எங்கே போனார்கள், கோடையில் உணவு பரிமாறுகிற பையன் டிசம்பரில் என்ன செய்கிறான் என்பதெல்லாம் மறுபடியும் போனால்தான் தெரிகிறது.

என்னைப் பொறுத்தவரை கர்தமிலி ஓர் ஆலிவ் ஊர். கடலுக்காக வருகிறவர்களால் கிடைக்கும் வருமானம் கோடையோடு முடிந்துவிடும். தோப்பு வேலை அதற்கப்புறம்தான் சூடு பிடிக்கும். ஜூலையில் மட்டும் போய் வருகிறவர்கள் ஊரின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மறுபாதியைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் வேறு வேறு மாதங்களில் போக ஆரம்பித்தேன்.

சலிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். மார்ச்சில் காட்டுப் பூக்கள், ஆகஸ்டில் சில்வண்டுகளின் இரைச்சல், நவம்பரில் ஆலையின் எண்ணெய் வாசனை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாட்கள் இவை.

எந்த மாதம் போகலாம்?

கடலுக்காகப் போகிறீர்கள் என்றால் செப்டம்பர் நல்லது. கோடை முழுக்க வாங்கிய வெப்பத்தைத் தண்ணீர் விடாமல் வைத்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். நடைப்பயணத்துக்கு ஏப்ரலும் மே மாதமும். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் கடுமை. பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை சத்தம் போடக் கூடாது என்று கோடைகாலத்துக்கு அரசு விதியே உண்டு. ஊரே கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும். ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். ஏதென்ஸிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் அதையொட்டி ஊருக்கு வருவார்கள். அந்த வாரத்தில் அறை கிடைப்பது சிரமம்.

ஈஸ்டர் சமயத்தில் போக முடிந்தால் தவறவிடாதீர்கள். கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் தேதி பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் கொண்டாடும் தேதியோடு பொருந்தாது. 2024இல் மே 5, 2025இல் ஏப்ரல் 20 என்று வந்தது. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளி இரவில், பூக்களால் மூடிய இயேசுவின் பாடையைத் தூக்கிக்கொண்டு, மெழுகுவத்திகளோடு ஊர்வலம் போவார்கள். சனி நள்ளிரவில் கோயிலுக்குள் விளக்கை அணைத்து, ஒரே ஒரு சுடரிலிருந்து எல்லோரும் பற்றவைத்துக்கொள்வார்கள். அந்தச் சுடர் அணையாமல் வீடுவரை கொண்டுபோக வேண்டும் என்பதில் குழந்தைகள் காட்டும் அக்கறை என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் நீள்கிறது.

நவம்பரிலிருந்து ஈஸ்டர் வரை பல உணவகங்களும் விடுதிகளும் மூடியிருக்கும். திறந்திருக்கும் ஒன்றிரண்டு இடங்களில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஆலிவ் அறுவடையில் அப்படி என்ன இருக்கிறது?

இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

கலமாத்தா என்றதும் பலருக்கும் ஊறுகாயாகப் போடும் பெரிய கருநீல ஆலிவ்தான் ஞாபகம் வரும். மானியின் சரிவுகளில் நிற்பது பெரும்பாலும் வேறு வகை. கொரொனேய்கி என்று பெயர். காய் சிறியது, எண்ணெய்க்கென்றே வளர்ப்பது. வறண்ட கல் நிலத்திலும் தாக்குப்பிடிக்கும். மலைச் சரிவில் கல்லை அடுக்கிச் சுவர் கட்டி, அதன் பின்னால் மண்ணை நிறுத்தி, ஒரு வரிசை மரம் வைத்திருப்பார்கள். அதற்கு மேலே இன்னொரு சுவர், இன்னொரு வரிசை. அந்தச் சுவர்களைக் கட்டியவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பறிப்பு தொடங்கி ஜனவரி வரை போகும். மரத்தடியில் வலை விரிப்பார்கள். நீளமான கழியின் முனையில் சுழலும் பற்கள் கொண்ட கருவியால் கிளைகளை உலுக்கினால் காய்கள் வலையில் கொட்டும். வெட்ட வேண்டிய கிளைகளையும் அப்போதே வெட்டி, அதிலுள்ள காயைத் தனியே உதிர்த்துக்கொள்வார்கள். இலையையும் குச்சியையும் கையால் தள்ளிவிட்டு, சணல் சாக்கில் நிரப்பி, அன்றைக்கோ மறுநாளோ ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வைத்திருந்தால் காய் சூடாகிப் புளித்து, எண்ணெயின் தரம் கெடும். அதனால் மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் ஊரே பதற்றமாகிவிடும். 1990களுக்குப் பிறகு அல்பேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்த வேலையில் பெரும்பங்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல தோப்புகள் பறிக்கப்படாமலே நின்றிருக்கும்.

ஆலைக்குள் நிற்பது எனக்குப் பிடித்தமான பொழுது. கழுவுதல், அரைத்தல், பிசைதல், சுழற்றிப் பிரித்தல் என்று எல்லாம் இயந்திரம்தான். முடிவில் குழாயிலிருந்து விழும் எண்ணெய் பளிச்சென்ற பச்சை. நாக்கில் வைத்தால் தொண்டையில் காரமாக இறங்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் காயிலிருந்து வந்த எண்ணெய்தானா என்று பார்த்துக்கொண்டே நிற்கும். அரைவைக் கூலியை எண்ணெயாகவே கழித்துக்கொள்வது வழக்கம். வீட்டுக்குப் போவது 17 லிட்டர் தகர டின்களில். ஏதென்ஸில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று, கல்யாணமாகிப் போன மகளுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பார்கள்.

திரும்பத் திரும்பப் போனால்தான் பிடிபடும் விஷயம் ஒன்று இதில் உண்டு. ஆலிவ் ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறுவருடம் கை விரித்துவிடும். 2023-24 பருவத்தில் கிரீஸ் முழுக்கவே விளைச்சல் விழுந்து எண்ணெய் விலை எகிறியது. குளிர்காலத்தில் போதிய குளிர் இல்லாததும் வறட்சியும் காரணங்கள். அப்படிப்பட்ட வருடத்தில் ஊரின் முகமே வேறு. உணவக மேசைகளில் எண்ணெய்க் குப்பியைத் தாராளமாக வைத்துவிட்டுப் போகும் பழக்கம் கொஞ்சம் சுருங்கும். பேச்சும் சுருங்கும்.

எப்படிப் போவது? விசா?

ஏதென்ஸின் கிஃபிசோஸ் பேருந்து நிலையத்திலிருந்து கலமாத்தாவுக்கு பஸ், ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து மானி போகும் உள்ளூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. கலமாத்தாவுக்கு விமான நிலையம் உண்டு, ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் கோடைப் பருவத்தில்தான். பஸ்ஸில் போவதையே நான் சொல்வேன். காம்போஸ், ஸ்தாவ்ரோபிகி ஊர்களைத் தாண்டி, மேடேறி, ஒரு திருப்பத்தில் கர்தமிலியும் அதற்கு எதிரே மெரோப்பி என்ற குட்டித் தீவும் கீழே தெரியும். இடதுபக்கம், வலதுபக்கம் என்று யோசிக்காமல் வலது ஜன்னலைப் பிடியுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. திரும்பப் போக விரும்பும் இந்தியர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கான விதியைத் தளர்த்தியது. முந்தைய மூன்று வருடங்களில் இரண்டு விசாக்களை வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை நுழையக்கூடிய இரண்டு வருட விசா கிடைக்கும். கடவுச்சீட்டில் காலம் மீதி இருந்தால் அடுத்து ஐந்து வருடம். பழைய கடவுச்சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

நன்றாகவே முடியும். கிரேக்கத் திருச்சபையில் நோன்பு நாட்கள் அதிகம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அந்தப் பழக்கத்தால் காய்கறிச் சமையல் செழிப்பாக இருக்கிறது. தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை அவரை விதை, சோறு அடைத்த தக்காளி, குடைமிளகாய், எண்ணெயில் மெல்ல வதக்கிய கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் சாதாரண உணவகத்திலேயே கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோன்பு உணவு என்று சொன்னால் அதில் கணவாய், ஆக்டோபஸ், இறால் சேரலாம். இரத்தம் இல்லாத கடல் உயிர்கள் நோன்பில் அனுமதிக்கப்பட்டவை.

கீரை பிடித்தவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். குளிர்காலத்தில் மலைச் சரிவில் பறித்த காட்டுக் கீரைகள், கோடையில் தோட்டத்துக் கீரை. கோடையில் அவர்கள் விரும்பிச் சாப்பிடும் வ்லீதா என்பது நம் சிறுகீரை, முளைக்கீரையின் இனமேதான். வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். தாளிப்பு கிடையாது. முதல் வாய்க்கு வெறுமையாக இருக்கும், நான்காவது வாய்க்கு இதற்குத் தாளிப்பு தேவையே இல்லை என்று தோன்றிவிடும்.

அசைவம் சாப்பிடுபவர்கள் மானியின் புகைபோட்ட பன்றி இறைச்சியை, ஆரஞ்சுத் தோல் வாசனையோடு, முட்டையில் போட்டுச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்ஃபேலா என்ற உப்புப் பாலாடைக்கட்டி இந்தப் பக்கத்துக்கே உரியது.

பார்க்க என்ன இருக்கிறது?

ஊர் மிகப் பழையது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில், கோபித்துக்கொண்டு போரிலிருந்து விலகிய வீரன் அகில்லஸைச் சமாதானப்படுத்த, படைத்தலைவன் அகமெம்னோன் ஏழு நகரங்களைத் தருவதாகச் சொல்கிறான். அந்தப் பட்டியலில் முதல் பெயர் கர்தமிலி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த கிரேக்கப் பயணி பௌசானியஸ், கடலோரத்தில் நெரெயிட் என்ற கடற்கன்னியரின் கோயில் இருந்ததாக எழுதியிருக்கிறார். அகில்லஸின் மகன் கல்யாணம் செய்துகொள்ள ஸ்பார்ட்டாவுக்குப் போனபோது அவனைப் பார்க்க அவர்கள் அந்த இடத்தில் கரையேறினார்களாம்.

இப்போது கண்ணால் பார்க்கக் கிடைப்பது பழைய கர்தமிலி. ஊருக்குச் சற்று உள்ளே, மூர்ட்சினோஸ் குடும்பத்தின் கோபுர வீடும், கூர்மையான மணிக்கூண்டுள்ள புனித ஸ்பிரிடான் கோயிலும், மதில்களும் சேர்ந்த ஒரு வளாகம். துருக்கியர் ஆண்ட காலத்திலும் மானியில் அந்தந்தக் குடும்பத் தலைவர்களின் கைதான் ஓங்கியிருந்தது. குடும்பங்களுக்குள் பகையும் பழிவாங்கலும் நடந்தன, அதற்காகத்தான் இந்தக் கோபுரங்கள். 1821 ஜனவரியில், கிரேக்க விடுதலைப் போரின் தளபதி தியோதோரோஸ் கொலோகொத்ரோனிஸ் ஸாகிந்தோஸ் தீவிலிருந்து ரகசியமாக வந்து மூர்ட்சினோஸிடம் தங்கினார். மார்ச் 23 அன்று மானிப் படைகள் துருக்கியரிடமிருந்து கலமாத்தாவை மீட்டன. அந்தப் போரின் முதல் பெரிய வெற்றி அது. கோபுரத்தில் இப்போது சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஜன்னலிலிருந்து கடலைப் பார்த்தால், யார் வருகிறார்கள் என்று கண்காணிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று புரியும்.

ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவரின் வீடு இருக்கிறதாமே?

ஆம், ஊருக்குத் தெற்கே கலமிட்சி என்ற சிறு குடாவில். பேட்ரிக் லீ ஃபெர்மரும் அவர் மனைவி ஜோனும் 1960களில் கட்டிய வீடு. இரண்டாம் உலகப் போரில் கிரீட் தீவில் ஜெர்மன் தளபதி ஒருவரைக் கடத்திய குழுவை நடத்தியவர் அவர். 2011இல் இறந்தார். வீட்டை ஏற்கெனவே ஏதென்ஸின் பெனாகி அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், முன்பதிவு செய்தால் பார்க்கலாம். முற்றத்தில் கூழாங்கல் பதித்த தளமும் கடல்பக்கத் தோட்டமும் மனதில் நிற்கும்.

கடலில் குளிக்க வசதி எப்படி?

மணல் அல்ல, கூழாங்கல். ரப்பர் செருப்பு வேண்டும். பாறைகளில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், கால் வைக்குமுன் பாருங்கள். தண்ணீர் தெளிவு. ஊருக்கு வடக்கே ரிட்சா கரை நீளமானது. மணல்தான் வேண்டும் என்றால் தெற்கே ஸ்தூபாவுக்குப் போய்விடலாம்.

நடைப்பயணம்?

பழைய கர்தமிலியிலிருந்து கல் பாவிய பழைய கோவேறு கழுதைப் பாதை மேலே ஏறுகிறது. வழியில் பாறையில் குடைந்த இரண்டு கல்லறைகள். கிரேக்கப் புராணத்தில் வரும் காஸ்டர், பொலிடியூசெஸ் என்ற இரட்டைச் சகோதரர்களுடையவை என்பது ஊர்வழக்கு. மேலே அகியா சோஃபியா கோயில் வரை ஏறி, பெத்ரோவூனி வழியாக இறங்கலாம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வீரோஸ் பள்ளத்தாக்கு அதைவிடக் கடினம். தைகெதோஸிலிருந்து ஊர்வரை இறங்கும் இந்த வறண்ட ஆற்றுப்படுகை முழுக்க வெள்ளைக் கற்கள். கோடை நடுப்பகலில் வேண்டாம், மழைக்குப் பிறகும் வேண்டாம். தண்ணீர் அங்கே கிடைக்காது, கொண்டுபோக வேண்டும்.

நாட்குறிப்பில் என்ன எழுதுகிறீர்கள்? நானும் எழுத ஆசைப்படுகிறேன்.

திரும்பிப் போகிற ஊருக்கான நாட்குறிப்பு மற்றப் பயணக் குறிப்பு மாதிரி இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். சூரியன் மறைந்த அழகை ஒவ்வொரு முறையும் எழுதினால், எல்லாப் பக்கமும் ஒரே பக்கமாகிவிடும். நான் போன உடனே சில விஷயங்களைக் கட்டாயமாகக் குறித்துக்கொள்கிறேன். மலையில் பனி எதுவரை இறங்கியிருக்கிறது, வீரோஸ் படுகையில் தண்ணீர் உண்டா, பிரதான சாலையில் எந்தக் கடை மூடியிருக்கிறது, காபி என்ன விலை, ஆலிவ் இந்த வருடம் காய்த்திருக்கிறதா, காபிக் கடை வாசல் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எழுதும்போது அற்பமாகத் தெரியும். நாலைந்து வருடக் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் படித்தால்தான் பலன். பெஞ்சின் கடைசியில், தடியை முழங்காலில் சாய்த்து உட்காருகிற ஒரு பெரியவர் என் குறிப்புகளில் தொடர்ந்து வருகிறார். பிறகு ஒரு வருடம் "பெஞ்சில் மூன்று பேர்தான்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவர் போய்விட்டார் என்று அப்புறம் தெரிந்தது. அவரைப் பற்றி வேறு யாரும் எழுதி வைத்திருக்கப் போவதில்லை. அந்தச் சில வரிகள் என்னிடம் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

விலைகளைக் கட்டாயம் எழுதுங்கள். கேட்ட பேச்சை அன்றிரவே எழுதுங்கள், மறுநாள் அது உங்கள் பேச்சாக மாறிவிடும். ஊர்க்காரர்களின் வீட்டு விவகாரங்களை எழுதினாலும் வெளியே காட்டாதீர்கள். படம் எடுப்பதைவிடக் கையால் வரைபடம் போடுவது நல்லது. எந்த வீட்டில் எலுமிச்சை மரம், எந்தச் சந்து கடலுக்கு இறங்குகிறது என்று வரைந்து பார்த்தால், அடுத்த முறை எது காணாமல் போயிருக்கிறது என்று சட்டெனப் புலப்படும்.

ஊர் மாறிவிட்டதா?

மாறிக்கொண்டிருக்கிறது. 2010க்குப் பிறகு வந்த கடன் நெருக்கடியில் படித்த பிள்ளைகள் பலர் நாட்டைவிட்டே போனார்கள். அதே காலத்தில் பழைய கல் வீடுகள் சுற்றுலா வாடகைக்கு மாற ஆரம்பித்தன. இடிந்து கிடந்த வீடுகள் உயிர்பெற்றது நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூட ஆசிரியரோ இளம் தம்பதியோ வருடம் முழுக்க வாடகைக்கு வீடு தேடினால் கிடைப்பதில்லை. ஊருக்கு இது ஆபத்து என்றே நினைக்கிறேன். தங்க இடம் தேடும்போது, சொந்தக்காரர் அதே வளாகத்தில் வசிக்கும் அறைகளாகப் பாருங்கள்.

என்னை அதிகம் வருத்துவது மரப் படகுகள். மீன்வளம் குறைவதைத் தடுக்க, படகுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் கொள்கையை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த மீனவருக்குப் பணம் கிடைத்தது, ஆனால் படகை உடைக்க வேண்டியிருந்தது. 1990களிலிருந்து கிரீஸில் ஆயிரக்கணக்கான மரப் படகுகள் இயந்திரத்தால் நொறுக்கப்பட்டன. மீனைக் காப்பாற்றுவது அவசியம். அதற்காகக் கையால் செய்த படகையே அழித்திருக்க வேண்டாம், கரையில் நிறுத்தி வைத்திருக்கலாம். மீதமிருக்கும் படகுகளின் நிறத்தையும் பெயரையும் ஒவ்வொரு முறையும் குறித்து வருகிறேன்.

ஊர்க்காரர்கள் நெருங்கிப் பழகுவார்களா?

அவசரப்படாவிட்டால் பழகுவார்கள். சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கிரேக்கம் பேசினால் முகம் மலரும். எந்த ஊர், அப்பா அம்மா இருக்கிறார்களா, எத்தனை பிள்ளைகள் என்று நேராகக் கேட்பார்கள். நமக்கு அது புதிதில்லை. காபிக்கு அவர்கள் காசு கொடுத்தால் தடுத்துச் சண்டை போடாதீர்கள். அடுத்த முறை போகும்போது ஏதாவது கொண்டுபோங்கள். நான் தங்கும் வீட்டு அம்மாவுக்கு ஏலக்காய் கொண்டுபோவேன். அவர் ஊறவைத்த ஆலிவ் டப்பா தந்து அனுப்புவார்.

முதல்முறை போகிறேன். ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு. எப்போது போகட்டும்?

அக்டோபர் கடைசி வாரம். கடலில் இன்னும் குளிக்க முடியும், பாதி உணவகங்களாவது திறந்திருக்கும், சில தோப்புகளில் வலை விரிக்க ஆரம்பித்திருப்பார்கள். அந்த வாரத்தில் 28ஆம் தேதி தேசிய விடுமுறை. 1940இல் முசோலினியின் கெடுவுக்குக் கிரீஸ் பணிய மறுத்த நாள். நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு அணிவகுத்துப் போவார்கள். அன்றைக்குக் கிளம்புவதற்கு டிக்கெட் போடாதீர்கள், பஸ்ஸும் குறைவு. மறுநாள் காலை பஸ்ஸில் கலமாத்தாவுக்குப் போனால் மாலைக்குள் ஏதென்ஸ் போய்ச் சேர்ந்துவிடலாம்.